வெட்டலாம், ஒட்டலாம்... மூலத்தை அழிக்கக் கூடாது!



நான் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. சாக்பீஸும் கரும்பலகையுமாக வாழ்ந்தவள். கணிப்பொறி, கைப்பேசி எல்லாம் பேரப்பிள்ளைகளிடம் கற்றுக்கொண்டவைதான். இந்த வாரம் உங்களிடம் வீடியோ எடிட்டிங் பற்றிப் பேசப் போகிறேன். "டீச்சருக்கும் எடிட்டிங்குக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கிறீர்களா? சம்பந்தம் இருக்கிறது. முதலில் அந்தக் கதையைக் கேளுங்கள்.

என் அம்மாவுக்கு அப்போது வயது 88. என் பேரன் எட்டாம் வகுப்பு. பள்ளியில் 'தாத்தா பாட்டி தினம்' வந்தது. வீட்டுப் பெரியவர்களைப் பற்றி இரண்டு நிமிட வீடியோ எடுத்துவரச் சொல்லியிருந்தார்கள். கைப்பேசியை ஜன்னல் ஓரம் சாய்த்து வைத்துவிட்டு, "கொள்ளுப் பாட்டி, நீங்க பள்ளிக்கூடம் போன கதையைச் சொல்லுங்க" என்றான் பேரன்.

அம்மா சொன்னார். வாய்க்காலில் தண்ணீர் வரும் நாட்களில் சிலேட்டைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தது, ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியது, அன்று இரவு சாப்பிடாமல் படுத்தது, எல்லாம் சொன்னார். நடுவில் இருமினார். கதையை மறந்துவிட்டு, "என்னடா கேட்டே?" என்றார். தன் மறதியைப் பார்த்துத் தானே சிரித்தார். மொத்தம் 22 நிமிடம்.

பேரன் அதை இரண்டு நிமிடமாக வெட்டினான். இருமல் போனது. மறதி போனது. சிரிப்பும் போனது. பாட்டியின் குரல் தெளிவாக இல்லை என்று அதையும் அணைத்துவிட்டு, ஒரு சினிமாப் பாட்டை ஓடவிட்டான். அவர் சொன்னதைக் கீழே எழுத்தில் போட்டான். பள்ளியில் எல்லோரும் கை தட்டினார்கள். பரிசும் கிடைத்தது. பிறகு கைப்பேசியில் இடம் போதவில்லை என்று அந்த 22 நிமிட வீடியோவை அழித்துவிட்டான்.

அடுத்த ஆடி மாதம் அம்மா காலமானார்.

காரியம் முடிந்த அன்று, "பாட்டி பேசுனதைப் போடுடா, கேட்போம்" என்றார்கள் உறவினர்கள். போட்டான். பாட்டி வாய் அசைகிறது, பாட்டுத்தான் கேட்கிறது. பேரன் அழுத அழுகையை என்னால் மறக்க முடியாது.

தவறு அவனுடையது என்று நான் சொல்ல மாட்டேன். மூலத்தைப் பத்திரப்படுத்த வேண்டும் என்று யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை. வீட்டில் ஓர் ஆசிரியை இருந்தும் சொல்லவில்லை! அதனால் இந்த வயதில் நானே உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். கற்றதை இப்போது உங்களுக்குச் சொல்கிறேன்.

ஒரு நொடிக்கு 24 படங்கள்

சினிமாப் படம் உண்மையில் அசைவதில்லை, தெரியுமா? ஒரு நொடிக்கு 24 நிழற்படங்கள் ஒன்றன் பின் ஒன்றாக ஓடுகின்றன. நம் கண்ணும் மூளையும் சேர்ந்து அதை அசைவாகப் பார்க்கின்றன. ஒன்றரை மணி நேரப் படம் என்றால் எத்தனை படங்கள்? கணக்குப் போடுங்கள் பார்க்கலாம். 24-ஐ 60-ஆல் பெருக்கி, மறுபடி 90-ஆல் பெருக்குங்கள். 1,29,600 படங்கள்! 35 மில்லிமீட்டர் பிலிமில் அதன் நீளம் சுமார் இரண்டரை கிலோமீட்டர்.

1895 டிசம்பர் 28 அன்று பாரிஸ் நகரில் லூமியே சகோதரர்கள் மக்களுக்குப் படம் காட்டினார்கள். அந்தப் படங்கள் ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்கும் குறைவாகவே ஓடின. கேமராவை வைத்த இடத்தில் வைத்து எடுத்தவை. வெட்டு, ஒட்டு எதுவும் கிடையாது.

பிறகு ஜார்ஜ் மெலியே என்ற பிரெஞ்சு மந்திரவித்தைக்காரர் வந்தார். ஒருநாள் அவர் தெருவைப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது கேமரா சிக்கிக்கொண்டதாம். சரிசெய்து மீண்டும் ஓட்டினார். படத்தைப் போட்டுப் பார்த்தால், தெருவில் வந்த பயணிகள் வண்டி திடீரென்று சவ வண்டியாக மாறிவிட்டது! இடைப்பட்ட நேரம் படத்தில் இல்லை அல்லவா? இப்படி ஒரு தடங்கலில் இருந்து மாயக்காட்சி செய்யக் கற்றுக்கொண்டதாக அவரே சொல்லியிருக்கிறார். 1902-இல் அவர் எடுத்த 'நிலவுக்கு ஒரு பயணம்' உலகப் புகழ் பெற்றது.

ஒரே முகம், மூன்று அர்த்தம்

ரஷ்யாவில் லெவ் குலேஷோவ் என்ற இயக்குநர் சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு சோதனை செய்தார். ஒரு நடிகரின் முகம். அதில் எந்த உணர்ச்சியும் இல்லை. அந்த முகத்துக்கு அடுத்து ஒரு கிண்ணம் சூப்பைக் காட்டினார். பார்த்தவர்கள், "பசியோடு பார்க்கிறார்" என்றார்களாம். அதே முகத்துக்கு அடுத்து ஒரு சவப்பெட்டியைக் காட்டினார். "துக்கத்தில் இருக்கிறார்" என்றார்களாம். முகம் மாறவே இல்லை. அருகில் ஒட்டிய படம்தான் மாறியது!

இதில் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. "நான் அவனை அடித்தேன் என்று சொல்வது பொய்" என்று ஒருவர் பேசுகிறார். கடைசி வார்த்தைகளை வெட்டிவிட்டால்? "நான் அவனை அடித்தேன்" என்று ஆகிவிடும். கத்தரி எடுத்தவன் கையில்தான் உண்மையும் பொய்யும். கைப்பேசியில் வரும் துண்டு வீடியோவைப் பார்த்து யாரையும் திட்டுவதற்கு முன், "முன்னால் என்ன இருந்தது, பின்னால் என்ன இருந்தது?" என்று கேட்கப் பழகுங்கள்.

பழைய எடிட்டர்கள் கற்றுத் தரும் பாடம்

கணிப்பொறி வருவதற்கு முன் படத்தை எப்படி வெட்டினார்கள்? 1924-இல் மூவியோலா என்ற இயந்திரம் வந்தது. எடிட்டர் அதில் பிலிமை ஓட்டிப் பார்ப்பார். வேண்டிய இடத்தில் வெட்டுவார், ஒட்டுவார்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கேமராவில் இருந்து வந்த நெகட்டிவை அவர் தொட மாட்டார். அதிலிருந்து 'ரஷ் பிரிண்ட்' என்று ஒரு பிரதி எடுப்பார்கள். எத்தனை முறை வெட்டினாலும் ஒட்டினாலும் அந்தப் பிரதியில்தான். நெகட்டிவ் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருக்கும். எல்லாம் முடிவான பிறகே, பிலிம் ஓரத்தில் அச்சாகியிருக்கும் எண்களைப் பார்த்து, நெகட்டிவில் கை வைப்பார்கள். வெட்டிய துண்டுகளையும் குப்பையில் போட மாட்டார்கள். பெயர் எழுதிக் கொக்கியில் தொங்கவிடுவார்கள். நாளைக்கு எது தேவைப்படும் என்று யாருக்குத் தெரியும்?

படம் முடிந்த பிறகும் பாதுகாக்கத் தவறினால் என்ன ஆகும்? தமிழின் முதல் பேசும் படம் 1931-இல் வந்த 'காளிதாஸ்'. இன்று அதைப் பார்க்க நமக்கு ஒரு பிரதிகூடக் கிடைக்கவில்லை. நம் நாட்டின் பழைய படங்களைத் தேடிச் சேர்த்துக் காப்பதற்காகத்தான் 1964-இல் புனே நகரில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கப்பட்டது.

காசில்லாமல் கிடைக்கும் கருவிகள்

இன்று படத்தொகுப்பு கணிப்பொறியில் நடக்கிறது. 1996-இல் வெளிவந்த 'தி இங்கிலீஷ் பேஷண்ட்' படத்தைத் தொகுத்தவர் வால்டர் மர்ச். கணிப்பொறியில் தொகுத்த படத்துக்கு எடிட்டிங் ஆஸ்கர் கிடைத்தது அதுதான் முதல் முறை. அந்த நாளில் இப்படிப்பட்ட கருவிகளுக்கு ஏராளமான பணம் வேண்டும். இன்று? இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன!

ஓப்பன்ஷாட், ஷாட்கட், கேடென்லைவ். இந்த மூன்றும் கட்டற்ற மென்பொருள்கள். பணம் தர வேண்டாம். நண்பருக்கும் பிரதி எடுத்துக் கொடுக்கலாம், சட்டமே அனுமதிக்கிறது. முதன்முதலில் பழகுபவர்களுக்கு ஓப்பன்ஷாட் எளிது. கொஞ்சம் தேறிய பிறகு மற்ற இரண்டுக்குப் போகலாம்.

டாவின்சி ரிசால்வ் என்று ஒன்று. ஆஸ்திரேலிய நிறுவனம் ஒன்று வெளியிடுவது. பெரிய சினிமாக்களுக்கு நிறம் திருத்தப் பயன்படுகிறது. இதற்கு இலவசப் பதிப்பும் உண்டு. ஆனால் கணிப்பொறி நல்ல வலுவுள்ளதாக இருக்க வேண்டும்.

பிளெண்டர் என்ற மென்பொருளின் கதை சுவையானது. இது முப்பரிமாணப் படங்கள் செய்வதற்கானது. வீடியோ தொகுக்கும் வசதியும் உள்ளே இருக்கிறது. நெதர்லாந்தில் டோன் ரோசன்டால் என்பவர் உருவாக்கியது. அதை நடத்திய நிறுவனம் மூடப்பட்டது. அதை எல்லோருக்கும் பொதுவாக்க வேண்டுமானால் 1,00,000 யூரோ கட்ட வேண்டும் என்ற நிலை. 2002-இல் பொதுமக்களிடம் கேட்டார். ஏழே வாரங்களில் பணம் சேர்ந்துவிட்டது! அன்றிலிருந்து பிளெண்டர் உலகுக்கே சொந்தம்.

லாத்வியா என்ற சிறிய நாட்டைச் சேர்ந்த கின்ட்ஸ் சில்பலோடிஸ் இந்த பிளெண்டரைக் கொண்டு 'ஃப்ளோ' என்ற படத்தை எடுத்தார். வெள்ளத்தில் சிக்கிய ஒரு பூனையின் கதை. ஒரு வசனம்கூடக் கிடையாது. 2025-இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் விருதை அது வென்றது. எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கும் கருவியில் செய்த படம்! "என்னிடம் விலை உயர்ந்த மென்பொருள் இல்லையே" என்று இனிமேல் யாரும் சாக்குச் சொல்ல முடியாது.

மென்பொருளை அதன் சொந்த இணையதளத்தில் இருந்து மட்டும் இறக்குங்கள். பெரியவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 'இலவசம்' என்று கண் சிமிட்டும் விளம்பரங்களைத் தொட வேண்டாம். வைரஸ் வீட்டுக்குள் வந்துவிடும். கற்றுக்கொள்ள மும்பை ஐ.ஐ.டி.யின் 'ஸ்போக்கன் டுடோரியல்' உதவும். கட்டற்ற மென்பொருள்களைப் பற்றிய பாடங்களைத் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் இலவசமாகத் தருகிறார்கள்.

குறிப்பு வேறு, அரிசி வேறு

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். நன்றாகக் கவனியுங்கள்.

கணிப்பொறியில் நீங்கள் ஒரு காட்சியை வெட்டும்போது, மூல வீடியோ வெட்டப்படுவதில்லை. "இந்த வீடியோவில் 12-ஆவது நொடியில் இருந்து 20-ஆவது நொடி வரை காட்டு" என்று மென்பொருள் ஒரு குறிப்பு எழுதிக்கொள்கிறது. அவ்வளவுதான். 'புராஜெக்ட்' என்று நீங்கள் சேமிப்பது அந்தக் குறிப்பைத்தான்.

அது சமையல் குறிப்பு மாதிரி. குறிப்பு நோட்டுப் புத்தகத்தில் இருக்கும். அரிசியும் பருப்பும் டப்பாவில் இருக்க வேண்டும். டப்பாவைக் காலி செய்துவிட்டால் நோட்டை வைத்துக்கொண்டு சாப்பிட முடியுமா? மூல வீடியோவை அழித்துவிட்டால் புராஜெக்டைத் திறந்தாலும் காட்சி வராது. மீதி இருப்பது கடைசியாக வெளியே எடுத்த வீடியோ மட்டும். எங்கள் வீட்டில் மீதி இருந்தது அதுதான்.

ஓசையும் வேண்டும்

படம் கொஞ்சம் மங்கினால்கூட மக்கள் பொறுத்துக்கொள்வார்கள். பேச்சு புரியாவிட்டால் எழுந்து போய்விடுவார்கள். 'பாட்டியின் குரல் தெளிவாக இல்லை' என்று பேரன் அணைத்தான் அல்லவா? அதைத் திருத்த வழி இருந்தது.

அடாசிட்டி என்ற கட்டற்ற மென்பொருள் 2000-ஆம் ஆண்டு முதல் இருக்கிறது. குரலைத் திருத்துவதற்கானது. மின்விசிறி இரைச்சலை எப்படிக் குறைப்பது? யாரும் பேசாமல் இரைச்சல் மட்டும் கேட்கும் இரண்டு மூன்று நொடியை அதற்குக் காட்ட வேண்டும். "இதுதான் இரைச்சல்" என்று அது தெரிந்துகொள்ளும். பிறகு பதிவு முழுவதிலும் அந்த ஓசையைக் குறைத்துவிடும். அதனால் பதிவு செய்யும்போது, பேச்சு தொடங்கும் முன் ஐந்து நொடி எல்லோரும் சும்மா இருங்கள். அந்த ஐந்து நொடி பிறகு பொன்னாக உதவும். ரொம்பவும் குறைத்தால் பேசுபவரின் குரலே தகரத்தில் தட்டுவது போல ஆகிவிடும், அளவோடு செய்யுங்கள்.

மழைச் சத்தம், சேவல் கூவல், ரயில் ஊதல் வேண்டுமா? 'ஃப்ரீசவுண்ட்' என்ற தளத்தை ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனாவில் உள்ள ஒரு பல்கலைக்கழகம் 2005-இல் தொடங்கியது. உலகம் முழுவதும் உள்ளவர்கள் தாங்கள் பதிவு செய்த ஓசைகளை அதில் தருகிறார்கள். ஒரு சின்ன வித்தை சொல்லட்டுமா? ரயில் வரும் காட்சிக்கு ஒரு நொடி முன்பே ஊதல் சத்தத்தைத் தொடங்குங்கள். பார்ப்பவர் மனம் ரயிலுக்காகத் தயாராகிவிடும். தேர்ந்த எடிட்டர்கள் எல்லோரும் செய்வதுதான் இது.

கேட்டு எடு, பெயர் சொல்

பேரனின் வீடியோவை இணையத்தில் ஏற்றியபோது இன்னொன்றும் நடந்தது. சினிமாப் பாட்டு இருந்ததால் ஓசை முழுவதையும் நிறுத்திவிட்டார்கள். அது அநியாயம் இல்லை. பாட்டுக்குச் சொந்தக்காரர் இருக்கிறார். அடுத்த வீட்டு மாமரத்தில் கேட்காமல் பறிக்கலாமா?

இந்தியச் சட்டப்படி ஒரு திரைப்படத்துக்கோ ஒலிப்பதிவுக்கோ, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டில் தொடங்கி 60 ஆண்டுகள் உரிமை உண்டு. பாரதியார் பாடல்கள் நாட்டுடைமை ஆனவை. அவற்றை நீங்களே மெட்டமைத்துப் பாடிப் பதிவு செய்யலாம். ஆனால் இன்றைய பாடகர் ஒருவர் பாடிய பதிவை எடுத்தால், அந்தப் பதிவுக்கு உரிமை இருக்கிறது. இந்த வித்தியாசத்தை நினைவில் வையுங்கள்.

"அப்படியானால் எதை எடுக்கலாம்?" என்கிறீர்களா? 'கிரியேட்டிவ் காமன்ஸ்' என்ற அமைப்பு 2001-இல் தொடங்கப்பட்டது. தங்கள் படைப்பை மற்றவர்கள் பயன்படுத்தலாம் என்று அனுமதிப்பவர்கள், இந்த அமைப்பு வகுத்த அடையாளங்களை அதில் போடுகிறார்கள்.

'பி.ஒய்.' என்றால் படைத்தவரின் பெயரைச் சொல்ல வேண்டும். 'என்.சி.' என்றால் வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. 'என்.டி.' என்றால் மாற்றக் கூடாது. ஆகவே வெட்டி ஒட்டும் நமக்கு அது ஆகாது. 'எஸ்.ஏ.' என்றால் நீங்கள் செய்ததையும் அதே விதிப்படி மற்றவர்களுக்குத் தர வேண்டும். 'சி.சி. பூஜ்யம்' என்று இருந்தால் எந்த நிபந்தனையும் இல்லை. அப்போதும் பெயரைச் சொல்லி நன்றி கூறுவது நல்ல பழக்கம்.

விக்கிமீடியா காமன்ஸ் தளத்திலும், 1996-இல் தொடங்கப்பட்ட இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்திலும் ஏராளமான படங்களும் வீடியோக்களும் இருக்கின்றன. நிலா, செவ்வாய், ராக்கெட் வேண்டுமானால் அமெரிக்காவின் நாசா தளத்துக்குப் போங்கள். அவர்கள் எடுத்த பெரும்பாலான படங்களைப் பள்ளி வேலைகளுக்குப் பயன்படுத்தத் தடையில்லை. எதுவானாலும் பக்கத்தில் எழுதியிருக்கும் நிபந்தனையைப் படித்துவிட்டு எடுங்கள்.

போர்வை போர்த்தி வந்த கணிப்பொறி

பெரியவர்களுக்கும் தவறு நேரும். 'டாய் ஸ்டோரி 2' படம் பார்த்திருக்கிறீர்களா? 1999-இல் வெளிவந்தது. அந்தப் படத்தைத் தயாரித்துக்கொண்டிருந்தபோது, 1998-இல், பிக்சார் நிறுவனத்தில் யாரோ தவறுதலாக 'அழி' என்று கணிப்பொறிக்கு ஆணையிட்டுவிட்டார்கள். உட்டியின் தொப்பி, பூட்ஸ் என்று ஒவ்வொன்றாகத் திரையில் இருந்து மறைந்தன. படத்தின் பெரும்பகுதி போயிற்று. "பரவாயில்லை, பேக்கப் இருக்கிறது" என்று திறந்தார்கள். அதுவும் சரியாக வேலை செய்யவில்லை!

கேலின் சூஸ்மன் என்ற பெண்மணி அங்கே தொழில்நுட்பப் பொறுப்பில் இருந்தார். குழந்தை பிறந்திருந்ததால் வீட்டில் இருந்தே வேலை செய்தார். அதற்காக அவர் வீட்டுக் கணிப்பொறியில் படத்தின் ஒரு பிரதி இருந்தது. அந்தக் கணிப்பொறியைப் போர்வையில் சுற்றி, காரில் வைத்து, மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தார்கள். படம் பிழைத்தது.

இதனால்தான் அனுபவசாலிகள் '3-2-1' என்று ஒரு விதி வைத்திருக்கிறார்கள். 3 பிரதிகள் இருக்கட்டும். அவை 2 விதமான இடங்களில் இருக்கட்டும். ஒன்று கணிப்பொறியில், ஒன்று ஹார்ட் டிஸ்கில் அல்லது பென் டிரைவில். 1 பிரதி வேறு வீட்டில் இருக்கட்டும். அத்தை வீடோ மாமா வீடோ போதும். மாதம் ஒருமுறை திறந்து ஓட்டிப் பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப், எண்ணிப் பார்க்காத உண்டியல் மாதிரி!

எதை வெட்டுவது? எதை விடுவது?

வால்டர் மர்ச் என்று ஒருவரைச் சொன்னேனே, அவர் நின்றுகொண்டே எடிட்டிங் செய்பவர். ஒரு வெட்டு நல்ல வெட்டா என்று பார்க்க ஆறு விஷயங்களுக்கு மதிப்பெண் பிரித்திருக்கிறார். நூற்றுக்கு 51 மதிப்பெண் எதற்குத் தெரியுமா? உணர்ச்சிக்கு! கதைக்கு 23, தாளத்துக்கு 10. மற்ற மூன்றுக்கும் சேர்த்துத்தான் மீதி.

இதைப் படித்தபோது எனக்கு அம்மாவின் சிரிப்பு நினைவுக்கு வந்தது. பேரன் வெட்டி எறிந்தது அந்த 51 மதிப்பெண்ணைத்தான். இருமல், தடுமாற்றம், "என்னடா கேட்டே?" என்ற கேள்வி, இவை 'வேஸ்ட்' என்று அவன் நினைத்தான். இன்று எங்கள் வீட்டில் எல்லோரும் கேட்க ஏங்குவது அவற்றைத்தான்.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேனே! அந்த இரண்டு நிமிட வீடியோவில், பாட்டு தொடங்குவதற்கு முன் நான்கு நொடி அவன் குரலை அணைக்காமல் விட்டிருக்கிறான். அதில் அம்மா, "ஆரம்பிச்சாச்சா? இப்பப் பேசவா?" என்று கேட்கிறார். அவ்வளவுதான் எங்களுக்கு மிச்சம். அந்த நான்கு நொடிக்கு இப்போது மூன்று பிரதிகள் இருக்கின்றன. ஒன்று என் தம்பி வீட்டில்.

இந்த வாரப் பயிற்சி

வீட்டில் உள்ள மூத்தவர் ஒருவரிடம் அனுமதி கேளுங்கள். "உங்கள் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். விசிறியையும் தொலைக்காட்சியையும் நிறுத்திவிட்டு, வெளிச்சம் அவர் முகத்தில் விழும்படி உட்கார வையுங்கள். கைப்பேசியைக் கிடைமட்டமாக, ஆடாமல் வையுங்கள். ஐந்து நொடி மௌனம். பிறகு அவர் பேசட்டும். குறுக்கே பேசாதீர்கள்.

முடிந்ததும் முதல் வேலை, பிரதி எடுப்பது. வெட்டுவது அதற்குப் பிறகுதான். இரண்டு நிமிடத்துக்கு ஒரு படம் செய்யுங்கள். செய்து முடித்ததை அவருக்கே போட்டுக் காட்டி, "நீங்கள் சொன்னது சரியாக வந்திருக்கிறதா?" என்று கேளுங்கள். அவர் 'சரி' என்ற பிறகு மற்றவர்களுக்குக் காட்டுங்கள்.

என் பேரன் இப்போது பத்தாம் வகுப்பு. போன வாரம் கைப்பேசியை ஜன்னல் ஓரம் சாய்த்து வைத்துவிட்டு என் எதிரே வந்து உட்கார்ந்தான். "பாட்டி, நீங்க டீச்சர் ஆன கதையைச் சொல்லுங்க" என்றான். நடுவில் எனக்கு இருமல் வந்தது. "இருமுங்க பாட்டி, அதை வெட்ட மாட்டேன்" என்றான்.

நீங்களும் உங்கள் வீட்டுக் குரல்களைச் சேர்த்து வையுங்கள், செல்வங்களே. வாழ்த்துகள்!